போரும் கருங்காய்ச்சலும்: தென்சூடானில் இடம்பெயர்ந்த மக்களிடையே காலா-அசார் நோய்

ஆய்வுச்சுருக்கம்

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றான கருங்காய்ச்சல், சூடான் உள்நாட்டுப் போரின்போது மேற்கு மேல்நைல் பகுதியில் 1984 முதல் 1994 வரை ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரின் உயிரைப் பறித்தது. நோய்க்கடத்தியின் வாழிடம், மக்களின் நகர்வு, பசி, மருத்துவத்தின் கால அளவு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து இப்பேரழிவை உண்டாக்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. இடம்பெயர்ந்தோரே நோயைச் சுமந்து பரப்புகின்றனர் என்னும் பொதுக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும், போர்க்கால நோய்க்கணக்குகளின் குறைபாட்டையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கருங்காய்ச்சல், காலா-அசார், லெய்ஷ்மேனியா, மணல் ஈ, தென்சூடான், இடப்பெயர்வு, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள், மதுரைப் பாதம்.

முன்னுரை

‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ என்னும் தொகுப்பில் உலக சுகாதார நிறுவனம் இன்று 21 நோய்களையும் நோய்க்குழுக்களையும் வைத்துள்ளது. யானைக்கால், தொழுநோய், வெறிநாய்க்கடி, டெங்கு, பாம்புக்கடி ஆகியன அவற்றுட் சில. முகத்தை அரித்தழிக்கும் நோமா 2023 டிசம்பரில் கடைசியாகச் சேர்க்கப்பட்டது. இவற்றிடையே உயிரியல் ஒற்றுமை என்று ஏதுமில்லை. ஒன்றுக்குக் காரணம் புழு, மற்றொன்றுக்கு நுண்ணுயிரி, வேறொன்றுக்குப் பாம்பின் நஞ்சு. இவற்றை ஒரே பெயரின்கீழ் நிறுத்துவது நோயின் இயல்பன்று, நோயாளியின் வறுமையே. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளனர் என அந்நிறுவனம் கூறுகிறது.

இத்தொடரின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. ‘புறக்கணிக்கப்பட்ட’ என்னும் செயப்பாட்டு எச்சம் செய்தவரைச் சொல்லாமலே செயலைச் சொல்லிவிடுகிறது. புறக்கணித்தவர் எவர் என்னும் வினா அத்தொடரினுள் எழுவதேயில்லை. ‘இடம்பெயர்ந்தோர்’ என்னும் சொல்லிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பெயர்தல் தன்வினை; பெயர்த்தல் பிறவினை. போரினால் விரட்டப்பட்டவரை ‘இடம்பெயர்ந்தோர்’ என்னும்போது அவர் தாமே நகர்ந்தவர் போன்ற தோற்றம் உண்டாகிறது. ஈழத்தமிழ் வழக்கில் அகதி என்னும் சொல்லுக்கு மாற்றாக ஏதிலி என்பது நிலைபெற்றதற்கும், ‘இடம்பெயர்க்கப்பட்டோர்’ என்று எழுதுவோர் இன்றும் இருப்பதற்கும் பட்டறிவே காரணம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் 12 கோடியே 32 இலட்சம் பேர் என ஐக்கிய நாடுகள் ஏதிலியர் ஆணையம் கணக்கிட்டது.

இவ்விரு தொகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்கள் பல. சிரியப் போரின்போது லெபனானுக்குச் சென்றோரிடம் தோல் லெய்ஷ்மேனியா நோய் பெருகியது. ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த அந்நோய் 2013இல் ஆயிரத்தைத் தாண்டியது. நோயாளிகளுள் மிகப்பெரும்பாலோர் சிரிய ஏதிலியர். எனினும் அது உயிரைக் கொல்லாத நோய். முகத்தில் வடுவை விட்டுச் செல்வது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கருங்காய்ச்சல் அத்தகையதன்று. அதனால் இக்கட்டுரை தென்சூடானையே எடுத்துக்கொள்கிறது.

நோயும் அதன் பெயரும்

காலா-அசார் என்பது இந்தி வழக்கு. கருமையான காய்ச்சல் என்பது பொருள். நோயுற்றாரின் தோல் நிறம் கறுத்துப் போவதால் வந்த பெயர் என்பர். இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் அறிவியற் பெயர் லெய்ஷ்மேனியா டோனோவானி. இப்பெயரின் இரண்டாம் பகுதிக்குச் சென்னையோடு தொடர்புண்டு. வங்காளத்தின் டம்டம் பாசறையில் நோயுற்று இங்கிலாந்தில் இறந்த படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் தாம் கண்ட நுண்துகள்களை வில்லியம் லெய்ஷ்மன் 1903இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராகவும் பொது மருத்துவமனை மருத்துவராகவும் இருந்த சார்லஸ் டோனோவன், தம் நோயாளிகளின் மண்ணீரலில் அவற்றையே தனித்துக் கண்டார். ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் இணைத்து ஒட்டுண்ணிக்குச் சூட்டினார். சூடானில் இந்நோய் முதன்முதலாக 1904இல் பதிவாயிற்று.

மணல் ஈ எனப்படும், கொசுவினும் சிறிய பூச்சியின் கடியால் ஒட்டுண்ணி உடலுட் புகுகிறது. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குப் பின்னரே நோய் வெளிப்படும். இக்கால இடைவெளி இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. கடிபட்ட இடமும் நோய் கண்ட இடமும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே வழிசெய்கிறது. விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், உடல் மெலிவு, குருதிச்சோகை என நோய் முற்றும். மருத்துவம் பெறாதவருள் 95 விழுக்காட்டிற்கும் மேலானோர் இறப்பர். பலர் இறுதியில் இறப்பது நிமோனியாவாலோ வயிற்றுப்போக்காலோ ஆகும். எதிர்ப்பாற்றல் அழிந்த உடலில் பிற தொற்றுகள் எளிதில் குடிபுகுகின்றன. ஆகவே இறப்புக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் வேறொன்றாகவே இருக்கும்.

ஒட்டுண்ணியின் இனம் ஒன்றே ஆயினும் எல்லா நிலத்திலும் அது ஒரே நோயாக வெளிப்படுவதில்லை. இலங்கையில் லெய்ஷ்மேனியா டோனோவானி பெரும்பாலும் தோல் புண்ணாகவே காணப்படுகிறது. இந்தியாவில் கருங்காய்ச்சல் தணிந்தோருள் சிறுபகுதியினர்க்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் படை தோன்றும். சூடானிலோ ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஆறு மாதங்களுக்குள் அது தோன்றிவிடுகிறது. அப்படையில் ஒட்டுண்ணி இருக்குமாதலால், நலம்பெற்று நடமாடும் ஒருவர் மணல் ஈக்குத் தொற்றைத் தரவல்லவராகச் சில காலம் இருக்கலாம்.

கரிசலும் வேலங்காடும்

கிழக்கு ஆப்பிரிக்காவின் வடபகுதியில் இந்நோயைக் கடத்துவது பிளெபோட்டோமஸ் ஒரியண்டாலிஸ் என்னும் மணல் ஈ. இதன் வாழிடம் தமிழ்நாட்டுக் கரிசற்காட்டைக் கண்டவர்க்கு எளிதில் விளங்கும். மழையில் குழைந்து, கோடையில் ஆளின் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் களிமண்; அதன்மேல் வேல மர இனத்தைச் சேர்ந்த அகேசியா செயால், நஞ்சுண்டான் மரத்தின் உறவான பலானைட்டிஸ் எகிப்தியாக்கா ஆகியவை கலந்த காடு. வெடிப்புகளின் உள்ளிருக்கும் ஈரமும் மரத்தடி நிழலும் மணல் ஈயின் தங்குமிடம். கோடையின் பிற்பகுதியில், அதாவது மார்ச் முதல் ஜூன் வரை, இவை பெருகும். மழை தொடங்கி நிலம் நீரில் அமிழ்ந்ததும் குறைந்துவிடும். நோயாளிகள் பெருந்தொகையில் வருவது செப்டம்பர் முதல் ஜனவரி வரை. இதே நாட்டின் தென்கிழக்கில் கடத்தி வேறு. அது கறையான் புற்றுகளில் வாழும் பிளெபோட்டோமஸ் மார்ட்டினி. இந்தியாவிலோ மனிதர் வாழும் மண்வீட்டுச் சுவர்களையும் மாட்டுத் தொழுவத்தையும் அண்டி வாழும் பிளெபோட்டோமஸ் அர்ஜெண்டிப்பஸ்.

இவ்வேறுபாடு பூச்சியியலாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. பீகாரில் வீட்டுச் சுவரில் மருந்து தெளித்து மணல் ஈயைக் குறைக்க முடிகிறது. மேல்நைல் பகுதியிலோ கடி நிகழ்வது காட்டில். மாடு மேய்க்கும் வழியில். திறந்த வெளியில் உறங்கும் இரவில். சுவரே இல்லாத இடத்தில் எதன்மேல் மருந்து தெளிப்பது?

நீலாற்றுக்கு மேற்கே, பெந்தியூ நகரைச் சூழ்ந்த மேற்கு மேல்நைல் பகுதியில் 1980கள் வரை இந்நோய் அறியப்படவில்லை. ஆற்றுக்குக் கிழக்கே மலக்கால், மெலூத் பகுதிகளில் அது நெடுங்காலமாக இருந்துவந்தது. 1960களில் ஹாரி ஹூக்ஸ்டிரால் முதலியோர் மணல் ஈயை ஆராய்ந்ததும் மலக்கால் பகுதியில்தான். மேற்கில் ஏன் இல்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் நைலாற்றில் வந்த பெருவெள்ளம் தாழ்நிலக் காடுகளை அழித்தது. நீர் வடிந்தபின் வேலங்கன்றுகள் முளைத்து, மணல் ஈ தங்கத்தக்க காடாக முதிர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இது கருதுகோளே எனினும், கால வரிசையோடு நன்கு பொருந்துகிறது. காடு முதிர்ந்த அதே காலத்தில்தான், 1983இல், சூடானில் இரண்டாம் உள்நாட்டுப் போர் மூண்டது.

மேற்கு மேல்நைல், 1984 – 1994

காடும் கடத்தியும் அமைந்தாலும் ஒட்டுண்ணி வந்தாக வேண்டும். நோய் நிலைத்திருந்த கிழக்குப் பகுதிகளிலிருந்தும் எத்தியோப்பிய எல்லையிலிருந்தும் மேற்கே வந்த படைவீரர்கள் அதைக் கொணர்ந்திருக்கலாம் என்பதே ஆய்வாளரின் பொதுவான கருத்து. நூவெர் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அப்பகுதியில் எவர்க்கும் முன்னெதிர்ப்பு இல்லை. நெடுங்காலமாக நோய் நிலவும் ஊர்களில் பெரும்பாலும் குழந்தைகளே நோயுறுவர். பெரியவர்கள் முன்பே தொற்றைக் கண்டு தேறியவர்கள். மேற்கு மேல்நைலிலோ குழந்தை, தாய், தந்தை, பாட்டி என எல்லா வயதினரும் ஒருசேர நோயுற்றனர். உழுவாரும் இல்லை, மாடு பார்ப்பாரும் இல்லை, நோயாளிக்கு நீர் தருவாரும் இல்லை என்னும் நிலை ஊர்தோறும் உண்டாயிற்று.

நோய் 1984இல் தொடங்கியிருந்தும் வெளியுலகம் அதை அறிந்தது 1988இல்தான். அதுவும் நோய் பரவிய இடத்தில் அன்று. அங்கிருந்து தப்பி வடக்கே கார்த்தூம் நகரின் ஏதிலியர் குடியிருப்புகளை அடைந்தவர்களிடையே. இன்ன நோய் என்று தெரியாமல் பலர் இறந்துகொண்டிருந்தபோது, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பின் டச்சுப் பிரிவினர் அது கருங்காய்ச்சல் எனக் கண்டறிந்தனர். நான்காண்டுக் கொள்ளைநோய் ஒன்று, அதற்குத் தப்பி ஓடியவர்களின் உடல் வழியாகவே செய்தியாயிற்று. 1989இல் லேர் என்னும் ஊரிலும், பின்னர் துவாரிலும் மருத்துவப் பணி தொடங்கியது. துவாரில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஜில் சீமன், பின்னாளில் பழைய பங்காக் என்னும் ஊரில் பல்லாண்டு இதே நோய்க்கு மருத்துவம் செய்தவர்.

சீமனும் உடனாய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வே இக்கொள்ளைநோயின் அளவை உலகிற்குக் காட்டியது. உயிரோடிருந்த குடும்பத்தினரிடம் 1984 முதல் இறந்தோர் யாவர் எனக் கேட்டுத் தொகுத்த கணக்கு அது. நோய் பரவிய பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,80,000. அவருள் கருங்காய்ச்சலால் இறந்தோர் ஏறத்தாழ 1,00,000 என அவர்கள் மதிப்பிட்டனர். மூவரில் ஒருவருக்கும் மேல். மிகக் கடுமையாகத் தாக்குண்ட ஊர்களில் இவ்வளவு இன்னும் மிகுதி. அப்போரில் துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் இந்த எண் எவ்வளவு குறைவாக எழுதப்பட்டுள்ளது என்பது வியப்பளிக்கும்.

நோயைச் சுமப்பவர் யார்?

இடம்பெயர்ந்தோர் நோயைக் கொண்டுவருகின்றனர் என்பது புகலிட நாடுகளில் எளிதாக எழும் குற்றச்சாட்டு. மேற்கு மேல்நைலில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கூற்றில் பாதியே உண்மை என்பது தெரியும். ஒட்டுண்ணி நகர்ந்தது மெய். ஆயின் அதை நகர்த்தியதாகக் கருதப்படுவது ஏதிலியரின் ஓட்டமன்று, படைகளின் நகர்வு. கார்த்தூமுக்கு ஓடியவர்களோ நோயைச் சுமந்துசென்றும் அங்கே அதை நிலைநிறுத்தவில்லை.

பெரும்பாலான நேர்வுகளில் இடப்பெயர்வு செய்வது இதற்கு நேர்மாறானது: எதிர்ப்பாற்றல் இல்லாத மக்களை அது நோயுள்ள நிலத்திற்குள் தள்ளுகிறது. ஊர் தாக்கப்படும்போது மறைய இடமளிப்பது காடே. பகலில் ஒளிந்து இரவில் நடப்போர், மணல் ஈ கடிக்கும் நேரத்திலேயே வேலங்காட்டினூடு செல்கின்றனர். பயிரும் மாடும் பறிபோனபின் உணவு தருவதும் அக்காடுதான். பலானைட்டிஸ் மரத்தின் கனி பஞ்சகால உணவு. மணல் ஈயின் இருப்பிடமும் பசித்தவரின் உணவிடமும் ஒரே மரத்தடியாகிவிடுவது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று. பசி மேலும் ஒன்றைச் செய்கிறது. தொற்றுக்கு ஆளான அனைவரும் நோயுறுவதில்லை. பலர் அறியாமலே தேறிவிடுவர். ஊட்டக்குறைவுள்ள உடலில் அத்தொற்று நோயாக முற்றும் வாய்ப்பு மிகுதி. 1988ஆம் ஆண்டுப் பஞ்சத்தை இந்நோயின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாமைக்கு இதுவே காரணம்.

அமைதியும் நோயைக் கொணரலாம் என்பது சற்றே எதிர்பாராத உண்மை. 2005ஆம் ஆண்டு அமைதி உடன்பாட்டிற்குப் பின் கார்த்தூமிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் மக்கள் ஊர் திரும்பினர். நோயற்ற இடங்களில் வளர்ந்த பிள்ளைகளும் உடன் வந்தனர். 2009இல் தொடங்கி 2012 வரை, ஜோங்கிலி மாநிலத்தை மையமாகக் கொண்டு 28,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நாடு 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்றதும் இக்கொள்ளைநோயின் நடுவில்தான்.

முப்பது நாள் ஊசி

கருங்காய்ச்சலுக்கு மருந்தே இல்லை என்பது உண்மையன்று. உபேந்திரநாத் பிரம்மச்சாரி கொல்கத்தாவில் 1920களின் தொடக்கத்தில் யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆண்டிமனி மருந்தை உருவாக்கிவிட்டார். நூறாண்டுகளுக்குப் பின்னும் தென்சூடானின் மருத்துவம் ஆண்டிமனியையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதில் ‘புறக்கணிப்பு’ என்னும் சொல்லின் பொருள் முழுதும் அடங்கியிருக்கிறது.

சோடியம் ஸ்டிபோகுளுக்கொனேட் நாள்தோறும் ஊசியாக 30 நாள்கள் செலுத்தப்பட வேண்டும். ஊசி வலிமிக்கது, இதயத்தையும் கணையத்தையும் தாக்கக்கூடியது. அமைதி நிலவும் ஊரில் 30 நாள் என்பது பொறுமையைச் சார்ந்தது. போர் நடக்கும் ஊரில் அது இயலாமைக்கு மிக அருகில் நிற்பது. நோயாளி பல நாள் நடந்தோ பிறரால் சுமக்கப்பட்டோ வர வேண்டும். துணைக்கு வருபவர்க்கும் ஒரு மாத உணவு வேண்டும். அம்மாதம் முழுதும் மருத்துவ நிலையம் தாக்கப்படாதிருக்க வேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்தினாலோ நோய் மீளும். மீண்ட நோய் முன்னினும் கடினமானது.

எனவே மருத்துவக் காலத்தைக் குறைப்பதே போர்நிலத்தில் உயிர்காக்கும் வழியாயிற்று. பரோமோமைசின் என்னும் மருந்தை உடன் சேர்த்தால் 17 நாள்கள் போதும் என்பதை முதலில் காட்டியது ஆய்வகமன்று. தெற்குச் சூடானில் நோயாளிகளின் பெருக்கத்தைத் தாங்கமாட்டாமல் மருத்துவர்கள் கைக்கொண்ட நடைமுறையே. முறையான மருந்தாய்வு அதைப் பின்னர் உறுதிசெய்தது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. கொல்கத்தா நிறுவனம் ஒன்று தயாரித்த விலைகுறைந்த ஸ்டிபோகுளுக்கொனேட், பிரித்தானிய மருந்துக்கு இணையானது என்று சூடானில் நடந்த ஆய்வுகள் மெய்ப்பித்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி. பிரம்மச்சாரியின் நகரிலிருந்து அம்மருந்து மேல்நைலுக்குச் சென்றது.

தெற்காசியாவில் லிப்போசோமல் ஆம்போடெரிசின் ஒரே ஒரு முறை செலுத்தினால் பெரும்பாலோர்க்கு நோய் நீங்குகிறது. அதே மருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் பல முறை செலுத்தியும் அத்தகு பயனைத் தருவதில்லை. நோயறிதலிலும் இவ்வேறுபாடு உண்டு: விரலில் குத்திய ஒரு துளிக் குருதியால் அறியும் ஆர்கே-39 சோதனை, தெற்காசியாவில் நூற்றுக்கு 97 நோயாளிகளைக் கண்டுபிடிக்க, கிழக்கு ஆப்பிரிக்காவில் 85 பேரையே கண்டுபிடிக்கிறது. விடுபட்ட பதினைவருக்கு மண்ணீரலில் ஊசியிட்டுப் பார்க்கவோ, இரவு முழுதும் காத்திருக்கும் வேறு சோதனை செய்யவோ ஆய்வகம் வேண்டும். ஓரிடத்தின் வெற்றியை மற்றோரிடத்திற்கு அப்படியே கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணம் இங்கே உடைகிறது. வாய்வழி உட்கொள்ளும் மில்ட்டஃபோசினோடு பரோமோமைசினைச் சேர்த்த 14 நாள் மருத்துவம், எத்தியோப்பியா, கென்யா, சூடான், உகாண்டா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வில் 90 விழுக்காட்டிற்கும் மேல் பயனளித்துள்ளது. இதிலும் ஊசி முற்றிலும் நீங்கவில்லை.

கொசுவலை பற்றியும் ஒரு சொல். கிழக்குச் சூடானின் கெடாரிப் பகுதியில் 1999 முதல் 2001 வரை மருந்தூட்டிய வலைகள் பெருமளவில் வழங்கப்பட்டன. நோய் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. பயன் இதனினும் பெருகாமைக்குக் காரணம் எளிது. மக்கள் வலையை விரிப்பது கொசு மிகுந்த மழைக்காலத்தில். மணல் ஈ கடிப்பதோ வெப்பத்தில் வெளியே உறங்கும் கோடையில். வலையைத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பம் அதைக் கட்ட நான்கு கழிகளைத் தேடுமா என்பது வேறு வினா.

கணக்கில் வராத இறப்புகள்

போர்க்காலத்தில் நோய்க்கணக்கு என்பது மருத்துவ நிலையத்தின் வாயிற்படியில் தொடங்குகிறது. உள்ளே வந்தவர் எண்ணப்படுவர். வழியில் இறந்தவர் எண்ணப்படுவதில்லை. 1999 முதல் 2002 வரையிலான தெற்குச் சூடான் தரவுகளை ஆராய்ந்த காலின் முதலியோர், கருங்காய்ச்சல் இறப்புகளுள் 91 விழுக்காடு எவர் பார்வைக்கும் வராமலே நிகழ்ந்தவை என 2006இல் மதிப்பிட்டனர். அதாவது பதிவேட்டில் ஓர் இறப்பு எழுதப்பட்டால், எழுதப்படாதவை ஏறத்தாழப் பத்து.

இதன் விளைவு புள்ளியியலோடு நிற்பதில்லை. மருந்து வாங்குவதும், பணியாளரை அனுப்புவதும், கொடையாளர் பணம் ஒதுக்குவதும் பதிவான எண்ணை வைத்தே. சாலை மூடப்பட்டு நோயாளிகள் வர இயலாத ஆண்டில் பதிவு குறையும். குறைந்த பதிவு நோய் தணிந்ததற்குச் சான்றாகக் கொள்ளப்படும். அடுத்த ஆண்டிற்கான மருந்தும் குறையும். அறிக்கைகளில் காணப்படும் வீழ்ச்சி ஒவ்வொன்றையும், அவ்வாண்டில் எந்தப் பாதைகள் திறந்திருந்தன என்னும் செய்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

2013 டிசம்பரில் தென்சூடானுக்குள் மீண்டும் போர் மூண்டபோது இது கண்கூடாயிற்று. கால் நூற்றாண்டாக இந்நோய்க்கு மருத்துவம் நடந்த லேர் மருத்துவமனை 2014இன் தொடக்கத்தில் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. உள்ளூர்ப் பணியாளர்கள் மிகக் கடுமையாக நோயுற்றிருந்த சிலரைத் தம்முடன் அழைத்துக்கொண்டு புதர்க்காட்டில் ஒளிந்தனர். அவ்வாண்டில் லேரின் பதிவேட்டில் நோயாளிகள் இல்லை; லாங்கியென் முதலிய ஊர்களிலோ ஆயிரக்கணக்கானோர். 2025 மே 3 அன்று பழைய பங்காக்கின் மருத்துவமனையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று.

ஒரு புழுவுக்காக ஒரு போர்நிறுத்தம்

போரின் நடுவே எதுவும் செய்ய இயலாது என்னும் கூற்றுக்கு மறுப்பாக இதே நாட்டில் ஒரு சான்று உண்டு. 1995 மார்ச்சில் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், சூடான் அரசிடமும் கிளர்ச்சிப் படையினரிடமும் பேசி ஒரு போர்நிறுத்தத்தைக் கொணர்ந்தார். நோக்கம் நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப்புழு நோயை ஒழிக்கும் பணிக்கு வழி திறப்பது. அது ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. துணிவடிகட்டிகள் வழங்கப்பட்டன, ஆற்றுக் குருட்டுநோய்க்கு மருந்தும், குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் தரப்பட்டன.

கினிப்புழுவுக்குத் துணிவடிகட்டி போதும். ஒருமுறை கொடுத்துவிட்டுத் திரும்பலாம். கருங்காய்ச்சலுக்கோ ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் மருத்துவமனையும் வாரக்கணக்கான படுக்கையும் வேண்டும். இரண்டும் ஒரே பட்டியலில் உள்ள நோய்கள். ஆயினும் போர் அவற்றுள் ஒன்றற்கு வழிவிட்டதுபோல் மற்றொன்றிற்கு விடவில்லை. எல்லாப் புறக்கணிக்கப்பட்ட நோய்களையும் ஒரே திட்டத்தில் அடக்கலாம் என்போர் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

கார்த்தூமில் அழிந்தவை

இந்தியாவில் 1992இல் 77,000 பேரைத் தாக்கிய கருங்காய்ச்சல், அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் குறைவானோரிடமே காணப்படுகிறது. வங்கதேசம் 2023 அக்டோபரில், இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடாக ஏற்கப்பட்டது. இதன் மறுபக்கமாக, உலகக் கருங்காய்ச்சல் நோயாளிகளுள் 70 விழுக்காட்டிற்கும் மேலானோர் இன்று கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளனர். அப்பகுதிக்கான ஒழிப்புத் திட்டம் 2030ஐ இலக்காகக் கொண்டுள்ளது. திட்டம் வகுக்கப்பட்ட 2023ஆம் ஆண்டிலேயே, ஏப்ரல் 15 அன்று, கார்த்தூமில் அரசுப்படைக்கும் விரைவு ஆதரவுப் படைக்கும் இடையே போர் வெடித்தது. 2024 முடிவில் சூடானியருள் இடம்பெயர்க்கப்பட்டோர் 1 கோடியே 43 இலட்சம் பேர். உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. அவருள் பெருந்தொகையினர் சென்று சேர்ந்த கெடாரிப் பகுதி, கருங்காய்ச்சல் நெடுங்காலமாக நிலவும் கரிசல் நிலம். எதிர்ப்பாற்றலற்ற நகரத்தார் வேலங்காட்டின் விளிம்பிற்கு வந்துள்ளனர்; 1984இன் கூறுகள் பல மீண்டும் ஒன்றுகூடியிருக்கின்றன.

கார்த்தூமில் அழிந்தவற்றுள் ஒன்று தமிழ் ஆய்வாளர்க்குத் தனியே குறிப்பிடத்தக்கது. மைசெட்டோமா என்னும் நோய், முள் குத்திய காலின்வழிப் புகுந்து ஆண்டுக்கணக்கில் தசையையும் எலும்பையும் அரித்து, இறுதியில் பாதத்தை வெட்டியெடுக்கும் நிலைக்குக் கொண்டுசெல்வது. வெறுங்காலோடு வயலிலும் முட்காட்டிலும் நடப்போரின் நோய் அது. உலக மருத்துவ நூல்களில் அதன் பழம்பெயர் ‘மதுரைப் பாதம்’. 1840களில் மதுரை மருத்துவ நிலையத்தில் ஜான் கில்லும், அவருக்குப் பின் கோல்புரூக்கும் அதை விவரித்ததால் வந்த பெயர் அது. 2016இல்தான் அது புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இடம்பெற்றது. பெயர் பெற்றதற்கும் பட்டியலில் ஏறியதற்கும் இடையே ஏறத்தாழ 170 ஆண்டுகள்.

1991இல் கார்த்தூமில் தொடங்கப்பட்ட மைசெட்டோமா ஆய்வு மையம் இந்நோய்க்கான உலகின் முதன்மை நிலையமாக விளங்கியது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளும், பல்லாண்டுகளாகச் சேர்த்த உயிரியல் மாதிரிகளும் அங்கே இருந்தன. போரில் அம்மையம் அழிக்கப்பட்டது என்னும் செய்தி 2025இல் உறுதியாயிற்று. குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த மாதிரிகள் மீட்கத்தக்கவையல்ல. மையத்தின் நோயாளிகளுள் பலர் இன்று எந்த முகாமில், எந்த எல்லைக்கு அப்பால் உள்ளனர் என்பதைக் காட்டும் பதிவேடும் அவற்றோடு போயிற்று.